நாட்டாமைக்குப் பதிலாகப் போன நாட்டாமை

நத்தைப்பட்டிக்காரர்களிடம் சுற்று வட்டாரத்தில் யாரும் வழி கேட்க மாட்டார்கள். கேட்டால் வழி காட்ட அவர்களும் கூடவே வந்து தொலைந்து போவார்கள். அது எங்கள் ஊர்தான் என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

அந்த வருடம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் தேறும். இல்லையென்றால் ஊரே மாட்டோடு சேர்ந்து வைக்கோலைத்தான் தின்ன வேண்டும். மேலைக்கரைக் கண்மாயில் தண்ணீர் தளும்பிக்கொண்டு கிடந்தது. அந்த ஊர் நாட்டாமை முத்திருளப்பரிடம் போய் மடையைத் திறக்கச் சொல்ல வேண்டியவர் எங்கள் நாட்டாமை சோலையப்பன். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு திருவிழாவில் முத்திருளப்பரின் ஆடு சோலையப்பனுக்குப் போட்ட மரியாதை மாலையைத் தின்றுவிட்டது. மாலை அவர் கழுத்தில் கிடக்கும்போதே தின்றது. அந்த அவமானத்தை அவரால் மறக்க முடியவில்லை.

"அந்த ஆளு வாசல்ல போயி நான் நிக்க மாட்டேன்," என்றார் சாவடியில்.

ஆகவே தூது அனுப்புவது என்று முடிவானது. கிழியாத வேட்டி எருமை மேய்க்கிற மொக்கையனிடம் மட்டுமே இருந்ததால் அவனே தூதன்.

நாட்டாமை அவன் தோளைத் தட்டினார். "இந்தா பாருடா. இனிமே நீ மொக்கையன் இல்ல. என் எடத்துல நிக்கிற. நீதான் நான். அங்க நான் எப்படி நடந்துக்குவேனோ அப்படியே நடந்துக்க."

"இப்ப இருந்தே நான் நாட்டாமையா, அங்க போனப்புறமா?"

சபை வெகுநேரம் யோசித்தது. "வழியில யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ? இங்க இருந்தே ஆயிக்க," என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைச் சொன்னதும் நாட்டாமைதான்.

மொக்கையன் புறப்பட்டான். நாட்டாமை வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஒச்சம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அவுக வீட்டுல இல்ல. மேலைக்கரைக்குப் போயிருக்காக."

"அடியே, நான்தாண்டி!"

"சபையில அவுக வாயாலயே சொல்லிட்டுல்ல போயிருக்காக? ஆம்பள இல்லாத வீட்டுல வேத்தாளுக்குச் சோறு போட்டா ஊரு என்ன பேசும்?"

நாட்டாமைக்கு நல்ல பசி. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தனக்கு வாய்த்தவள் இவ்வளவு ஒழுக்கமானவளா என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் சாவடிக்கே வந்தார்.

"நாட்டாமை மேலைக்கரைக்குப் போயிட்டாரு. அப்ப நான் யாரு?"

"ஊருல யாரு எடம் காலியா இருக்குன்னு பாக்கணும்," என்றான் கருத்தாண்டி. ஊரில் புத்திசாலி என்று பெயர் வாங்கியவன் அவன். அந்தப் பெயரைக் கொடுத்ததும் அவனேதான். "மொக்கையன் எடம் காலியா இருக்கு."

அப்படியாக நாட்டாமை மொக்கையன் ஆனார். மொக்கையன் குடிசையில் பழைய சோற்றுப் பானையில் இருந்த நீச்சத்தண்ணியைக் குடித்தார். அவன் எருமையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனார். ஊர் மொத்தமும் ஒத்துக்கொண்ட விஷயத்தை எருமை மட்டும் ஒத்துக்கொள்ளாமல் அவரை உதைத்தது.

மேலைக்கரையில் மொக்கையன் சொன்ன சொல் தவறவில்லை. நாட்டாமை எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே, முத்திருளப்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீசையை முறுக்கினான்.

"என்னப்பா வேணும்?" என்றார் முத்திருளப்பர்.

"உங்கிட்ட நான் பேச மாட்டேன்."

"தண்ணி வேணுமா?"

"வேணும்னு கேக்க மாட்டேன். நான் மானஸ்தன்."

முத்திருளப்பர் நல்ல மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மடையைத் தெறக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. உங்க நாட்டாமையே வந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும்," என்று சொல்லி அனுப்பினார்.

மொக்கையன் திரும்பி வந்து, சாவடியில் நாட்டாமையின் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒச்சம்மா கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சேதியைச் சொன்னான்.

"அப்ப நீங்கதான் போகணும், நாட்டாமை," என்றான் கருத்தாண்டி மொக்கையனைப் பார்த்து.

"இப்பத்தானே போயிட்டு வந்தேன்? காலு வலிக்குதுய்யா. நாட்டாமையால முடியலன்னா என்ன செய்யுறது?"

"தூது அனுப்புறது."

"யாரை?"

"மொக்கையனை!" என்று சபை ஒரே குரலில் சொல்லிவிட்டு, மூலையில் எருமைக் கயிற்றோடு நின்ற சோலையப்பனைப் பார்த்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர் அனுபவப்பட்ட குரலில். "'நீதான் நான்'னு மட்டும் சொல்லாதீக. நான் மொக்கையனாவே போயிட்டு வந்துர்றேன். ஆளு மாறினா சோத்துக்குத் திண்டாட்டம்."

தூதன் ஒழுங்காகப் பேசுகிறானா என்று பார்த்து வர ஓர் ஒற்றனும் வேண்டும் என்று சபைக்குப் பட்டது. கருத்தாண்டியை அனுப்பினார்கள். "நீ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது," என்று கட்டளை. அவன் வழியில் கண்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, "என்னைத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றார்கள். "நல்லது. நான் கருத்தாண்டி, நத்தைப்பட்டி ஒற்றன். இப்படியே தெரியாம இருங்க," என்று கேட்டுக்கொண்டு நடந்தான். மேலைக்கரைக்காரர்கள் ஒற்றனை வரவேற்று, நன்றாகக் கேட்கும்படி முத்திருளப்பர் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

சோலையப்பனைக் கண்டதும் முத்திருளப்பர் எழுந்து ஓடி வந்தார். "வாங்க சோலையப்பன், வாங்க! நீங்களே வந்துட்டீகளே!"

தன் பெயரைக் கேட்டதும் அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஐயா, நான் சோலையப்பன் இல்லீங்க. மொக்கையன். நாட்டாமைக்குக் காலு வலி."

முத்திருளப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா மொக்கையா? உங்க நாட்டாமை எப்படிப்பட்ட ஆளு?"

மொக்கையனுக்கும் முத்திருளப்பருக்கும் ஒரு சண்டையும் கிடையாது. ஆகவே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அதை ஏன் கேக்குறீக! வாயில்லா சீவன் ஒரு மாலையைத் தின்னுருச்சுன்னு இத்தனை வருசமா மொறைச்சுக்கிட்டுத் திரியுற ஆளு. ஊரே பட்டினி கெடக்கப் போகுது, அந்தாளுக்கு மீசைதான் பெருசு. மண்டையில ஒண்ணும் கெடையாது. சுத்த வெத்துவேட்டு."

சொல்லச் சொல்ல அவருக்கு மனசு லேசானது. இப்படிப்பட்ட ஆளோடு இத்தனை காலம் எப்படித்தான் காலம் தள்ளினோம் என்று தன்மேலேயே இரக்கம் வந்தது. முத்திருளப்பர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் மடையைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

தண்ணீர் வந்தது. கதிர் பிழைத்தது. தூது முடிந்ததால் அவரவர் பெயரை அவரவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒச்சம்மா சோற்றைக் குவித்துப் போட்டாள். நாட்டாமை ஏப்பத்தோடு சாவடிக்கு வந்து உட்கார்ந்ததும் ஒற்றன் எழுந்தான்.

"நம்ம தூதன் மொக்கையன், நாட்டாமையைக் கேவலமாப் பேசினான். மண்டையில ஒண்ணும் இல்லைன்னான். வெத்துவேட்டுன்னான்."

நாட்டாமைக்கு மீசை துடித்தது. "என் சோத்தைத் தின்னுட்டு என்னையே பேசுனானா? இழுத்துட்டு வாங்கடா அவனை! நாட்டாமை கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். இது தீர்ப்பு!"

"நாட்டாமை, அந்நேரம் நான் மொக்கையன் இல்லியே," என்றான் மொக்கையன். "நான் நாட்டாமையா இருந்தேன். நீங்கதான் மொக்கையன்."

சபை யோசித்துப் பார்த்தது. நாட்டாமையும் யோசித்துப் பார்த்தார். அவன் சொன்னது சரிதான். ஆனால் தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று வளைகிற மனுஷர் இல்லை அவர்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் காலில் விழப் பார்த்தார். நின்றபடி குனிந்தால் தொப்பை இடித்தது. குப்புறப் படுத்தால் கால் பின்னால் போய்விட்டது. காலை நோக்கித் தவழ்ந்தார். காலும் கூடவே நகர்ந்தது.

"நாட்டாமைக்கு எவ்வளவு கோவம் பாத்தியா, காலைக் குடுக்கவே மாட்டேங்குறாரு," என்று ஊர் குசுகுசுத்தது.

கடைசியில் அவரை உட்கார வைத்து, கொஞ்சம் பேர் காலை இழுத்துப் பிடிக்க, கொஞ்சம் பேர் தலையை அமுக்க, நெற்றி கட்டைவிரலில் போய் இடித்தது. "தெரியாமப் பேசிட்டேன் சாமி, மன்னிச்சிருங்க," என்று அவர் கதறிய கதறலில் ஒச்சம்மாவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நாட்டாமை எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து, மீசையை நீவிக்கொண்டு யோசித்தார்.

"இன்னொருக்கா விழச் சொல்லுங்க," என்றார். "அவன் மனசார விழுந்த மாதிரி எனக்குத் தெரியல."