பிள்ளையாரைச் சுற்றிய மாப்பிள்ளைக் கார்

“வண்டி எந்தப் பக்கம் இழுக்குதோ, அந்தப் பக்கம்தான் கோளாறு இருக்கும்” என்று டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது பரஞ்சோதியின் காதில் விழுந்தது. தம்பிகளைத் தேடி ஓடினான்.

மறுநாள் அவர்கள் தங்கை வடிவுக்குக் கல்யாணம். முந்தின நாளான அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து எதிரே இருக்கும் மண்டபத்துக்கு, தங்கள் காரில்தான் மாப்பிள்ளை வருவார் என்று அண்ணன்கள் மூவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். நேரம் தப்பினால் அவரை வேனில் ஏற்றி ஊருக்கே திருப்பிக் கூட்டிப் போய்விடுவதாக அவருடைய தாய்மாமன் சொல்லியிருந்தார். காலையில்தான் அந்தக் கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தது.

கோயில் மைதானத்தில் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தார்கள். கார் இடது பக்கமாகப் போய் ஓர் இளநீர் வண்டியருகே நின்றது.

“கோளாறு இங்கதான்” என்று மூத்த தம்பி மாசிலாமணி குலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

ஒன்றும் கிடைக்காததால் மெக்கானிக் தாவூத் பாய்க்குப் போன் போட்டார்கள்.

“பின் டயர்லேர்ந்து முன் டயருக்கு ஒரு கயிறு பிடிச்சு, நேரா இருக்கான்னு பாருங்க.”

“நேரா இருக்கு பாய்.”

“டயரா?”

“கயிறு.”

“நான் வர்ற வரைக்கும் ஸ்டியரிங்ல கையே வைக்காதீங்க” என்றார் பாய்.

மேளம் தொடங்கியும் பாய் வரவில்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். கடைசித் தம்பி தங்கவேல் கையைக் கட்டிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். கார் இடது பக்கமாக வளைந்து கோயிலைச் சுற்றியது.

“நிறுத்துங்கப்பா. சாமியை இடமாச் சுத்துது” என்றார் தாய்மாமன்.

அண்ணன்கள் ஆலோசித்தார்கள்.

“ரிவர்ஸ்ல போனா வலமா வரும்லண்ணே?”

“வரும்லே. ஆனா மேளம் வண்டிக்கு முன்னால போகணுமே.”

“அவங்களும் ரிவர்ஸ்ல நடக்கட்டும்.”

கார் பின்பக்கமாக வலம் வந்தது. நாதஸ்வரக்காரர்கள் வாசித்தபடியே பின்னோக்கி நடந்தார்கள். நான்காவது சுற்றில் தாய்மாமன் வேனை ஸ்டார்ட் செய்தார்.

மண்டபத்திலிருந்து வடிவு இறங்கி வந்தாள். காரை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, “இருபது எட்டு வச்சா மண்டபம்தான், வாங்க” என்றாள். மாப்பிள்ளை மாலையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

“மாப்பிள்ளைக் கார் காலியா போகக் கூடாதேலே” என்றான் பரஞ்சோதி. மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.