செண்பகத்தின் சுவரில் ஓதம்

வெள்ளூற்று மடத்தில் உச்சிப்பொழுதுக்கு ஒரு விதி உண்டு. பன்னிரண்டு மணி அடித்ததும் அங்கிருக்கும் பெண்கள் பதினாறு பேரும் வாயை மூடுவார்கள், குழாய்களையும் மூடுவார்கள். ஒரு மணி வரை அந்த மடத்தில் சொல்லும் சிந்தாது, நீரும் சிந்தாது.

நீருக்கு முழுப் பொறுப்பு ஆவுடையம்மை. ஐம்பது வயது, பதினோரு ஆண்டுகளாக அங்கே மாணவி. மேல்நிலைத் தொட்டியின் சாவியும் அதிலிருந்து குழாய்களுக்கு வரும் நீரை அளக்கும் மீட்டர்ப் பெட்டியின் சாவியும் எந்நேரமும் அவள் இடுப்பில் தொங்கும். மடத்தின் தலைவி குழல்வாய்மொழி அம்மையார் அவளைவிட நான்கு வயது இளையவர். அம்மையாருக்குக் கண் மங்கத் தொடங்கிய நாள்முதல், திங்களும் வியாழனும் மாலையில் அவருக்கு நூல் படித்துக் காட்டியவளும் ஆவுடைதான்.

மாசியில் செண்பகம் வந்து சேர்ந்தாள். தையற்கடை நடத்தியவள். நாற்பது வயதிலும் வாயைத் திறந்தால் சிரிப்புதான் முன்னால் வரும். அவள் குரலை ஒருமுறை கேட்ட அம்மையார், “இனிமே செண்பகம் படிக்கட்டும்” என்றார்.

“சரிம்மா” என்றாள் ஆவுடை. வாய் சொன்னது அது. மனம் வேறொன்று சொன்னது.

பங்குனி பிறந்ததும் செண்பகம் மாடிப்படியேறி வந்து, ஆவுடையின் அறை வாசலில் நின்றாள்.

“அக்கா, என் சுவருக்கு வேர்க்குது. விசிறி விடணுமா, வைத்தியரைக் கூப்பிடணுமா?”

ஆவுடை இறங்கிப் போய்ப் பார்த்தாள். செண்பகத்தின் அறை அவள் அறைக்கு நேர் கீழே. அறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, முறம் அகலத்துக்கு ஓதம் படர்ந்திருந்தது. சுண்ணாம்பு உப்பி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. அதன் கீழே சுவர்த்தட்டில் வைத்திருந்த நூலின் விளிம்பும் நமுத்திருந்தது. அம்மையாருக்குப் படிக்கும் அதே நூல்.

“ஈரத்துணியைச் சுவர்ல சாத்தி வச்சியா?”

“அவ்வளவு உசரத்துலயா? நான் என்ன பல்லியாக்கா?”

வாசலில் எட்டிப்பார்த்த மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஆவுடை சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, ஓதத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, பக்கத்தில் கிழமையை எழுதினாள். அன்றுமுதல் நாள்தோறும் காலையில் வந்து எழுதினாள். எதிலும் அவள் கணக்காக இருப்பவள்.

உச்சி மௌனத்தில் மீட்டர்ப் பெட்டியைத் திறந்துவைத்து, அதன் முன்னே மணைபோட்டு உட்கார்ந்தாள். பதினாறு பேரும் குழாயை மூடியிருக்கும் நேரம். எங்கேனும் குழாய் உடைந்திருந்தால் மீட்டரின் சிவப்பு முள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரமும் முள் கடுகளவும் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு உள்ளே இனித்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை, மௌனம் முடிந்த கையோடு அம்மையாரிடம் போனாள்.

“அம்மா, குழாய்ல குத்தம் இல்லை. மூணு நாள் முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அசையலை. அப்படின்னா தண்ணி அந்த அறைக்குள்ளேயேதான் கொட்டுது. அவ கையில புத்தகம் உருப்படாது. நாளைக் காலையில கிளை மடத்துக்கு வண்டி போகுது. அவளை அதுல அனுப்பிடுங்க.”

“அனுப்பிட்டா, எனக்கு யார் படிப்பா?”

“நான் படிக்கலையா?” என்றாள் ஆவுடை. “பதினோரு வருஷம் உங்க காலடியில கிடந்தேனேம்மா. என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்னம்மா இருக்கு?”

அம்மையார், “சுவர்ல கிழமை எழுதுறியாமே, ஓதம் எந்தெந்தக் கிழமை கூடுது?” என்றார்.

ஆவுடைக்குத் தெம்பு வந்தது. “செவ்வாயும் வெள்ளியும் காலையில பார்த்தா, கோட்டைத் தாண்டி நாலு விரக்கடை வளர்ந்திருக்கு. மத்த நாள்ல காயுது. திங்களும் வியாழனும் உங்களுக்குப் படிச்சுட்டுப் போறாளே, அந்தத் துள்ளல்ல தண்ணியை வாரிக் கொட்டுறா.”

“அந்த ரெண்டு நாளும் சாயங்காலம் நீ என்ன செய்வே?”

“நானா? துணி துவைப்பேன்.”

“காலையில துவைக்கிறதில்லையா?”

செண்பகத்தின் குரலும், அதற்கு நடுவே அம்மையாரின் சிரிப்பும் மாடிக்கு ஏறிவரும் மாலைகளில், ஆவுடை தன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். காலையில் துவைத்து மடித்த புடவையை மறுபடியும் நனைத்து அடிப்பாள். பத்து வாளி, சில நாள் பதினைந்து வாளி. வெளுத்த துணியிலிருந்து அவளுக்கு மட்டும் அழுக்கு வந்துகொண்டே இருந்தது.

அம்மையார் சலவைக்கு வைத்திருந்த சொட்டு நீலப் புட்டியை எடுத்து நீட்டினார்.

“இதை ரெண்டு வாளித் தண்ணியில கலந்து, உன் குளியலறைத் தரையில ஊத்து. தண்ணி போற துளையைத் துணியால அடைச்சிரு. சாயங்காலம் கீழே வா. இன்னைக்குப் படிப்பு செண்பகம் அறையிலதான்.”

மாலையில் ஆவுடை செண்பகத்தின் அறையில், சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். முதன்முறையாகச் செண்பகம் படிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டாள். குறை கண்டுபிடிக்கத்தான் காதைக் கொடுத்தாள். ஓரிடத்தில் செண்பகம் தடுக்கினாள். “அம்மா, இந்த வரி என்னை விழத்தட்டிருச்சு” என்றாள். அம்மையார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஆவுடைக்குத் துவைக்கக் கைகள் பரபரத்தன. எழுந்து போகத் தோன்றியது. ஆனால் மேலே தரை முழுதும் நீலம் தேங்கிக் கிடந்தது. போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

செண்பகம் படிப்பதை நிறுத்தினாள்.

“அக்கா, அங்கே பாருங்க.”

சுவரின் உச்சியில் நீலம் கசிந்து, செவ்வாய்க் கோட்டைக் கடந்து, வெள்ளிக் கோட்டின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்பாடா, மாடியில இருந்துதானா! நல்லவேளை, நான் பல்லி இல்லை” என்று சிரித்துத் திரும்பிய செண்பகம், ஆவுடையின் முகத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவுடை அம்மையார் பக்கம் திரும்பினாள். “முள் அசையவே இல்லையேம்மா” என்றாள்.

“மீட்டர் வர்ற தண்ணியைத்தான் சொல்லும், ஆவுடை. கொட்டின தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு அதுக்குத் தெரியாது. நீயோ யாரும் கொட்டாத நேரமாப் பார்த்து அதுகிட்டக் கேட்டே.”

ஆவுடை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, அம்மையாரின் முன்னே வைத்தாள்.

“நாளைக்கு வண்டியில நான் போறேன்.”

“துளையைச் சுத்திப் பூச்சு விட்டுப்போயிருக்கு. தரையைப் பெயர்த்துப் பூசி, காய்ஞ்சு முடியப் பத்து நாளாகும். நீ போயிட்டா கொத்தனாரை யார் பார்த்துக்குவா?”

“பத்து நாளும் அங்கே தண்ணி படக்கூடாதேம்மா. நான் எங்கே குளிக்கிறது?”

“இந்த அறையில” என்றார் அம்மையார். “தினமும் கதவைத் தட்டி, செண்பகத்துக்கிட்டக் கேட்டுட்டுக் குளி.”