மறையத் தெரியாத பூதம்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிச்சையாவுக்கு அறுபது வயதில்தான் மேடை ஏறும் ஆசை பலித்தது. நாடகம் சொல்லிக்கொடுக்கும் தவமணிக்கு முப்பத்தைந்துதான். அதனாலென்ன? குரு குருதான்.

பழைய நாடகம் ஒன்றில் அவருக்கு நல்ல பூதம் வேஷம். அரக்கன் அடிக்க வரும்போது "மறைந்தேன்!" என்று சொல்லி, நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். மொத்த மாயமும் அவ்வளவுதான்.

அதே கதை கார்ட்டூன் படமாக வந்து ஊர்த் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நாடகத்தன்று காலையில் பிச்சையா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வாத்தியாரம்மா, நான் நடிக்கலை. என்னை விட்டுடுங்க."

"என்ன அண்ணாச்சி, என்னாச்சு?"

"படத்துல அந்தப் பூதம் மீனா மாறுது, மின்னலா மாறுது, கடைசியில புகையாப் போயிருது. நான் என்னடான்னா சால்வையைப் போத்திக்கிட்டு மரம் மாதிரி நிக்கணும். அதைப் பாத்த பிள்ளைங்கதான் சாயங்காலம் இங்க வருது. சிரிச்சே மானத்தை வாங்கிரும்! ரெண்டுல எது பெரிய மாயம், நீங்களே சொல்லுங்க."

தவமணி கையை நீட்டினாள்.

"சால்வையைக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இன்னைக்கு இது இல்லாம மறைஞ்சுக்கோங்க."

நடிக்கலை என்று சொன்னாலும், மேடைக்குக் கொஞ்சம் புகையாவது கேட்டு வாங்கலாம் என்றுதான் வந்திருந்தார் பிச்சையா. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா! அடி பாவி மகளே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் மண்டபம் நிறையப் பிள்ளைகள். அரக்கன் கதாயுதத்தோடு உறுமிக்கொண்டு வந்தான். பிச்சையா நடுமேடையில் நின்று, "மறைந்தேன்!" என்றார்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்துவிட்டாள்.

"அய்ய, மறையவே இல்லை! படத்துல புகையாப் போகும்!"

கொல்லென்று ஒரே சிரிப்பு. பிச்சையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிவிடலாமா என்று ஓரத்துத் திரையைப் பார்த்தார். அங்கே தவமணி நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை.

அதற்குள் அரக்கன் அவரை உரசாத குறையாகக் கடந்துபோய், அந்தச் சிறுமியிடமே குனிந்தான்.

"ஏய்! பூதம் எங்கே? பாத்தியா?"

அவள் பிச்சையாவைப் பார்த்தாள். ஓங்கியிருந்த கதாயுதத்தைப் பார்த்தாள்.

"பாக்கலை," என்றாள். "அது பஸ் ஏறிப் போயிருச்சு."

"எந்த பஸ்?"

"தென்காசி பஸ்!" என்று மண்டபமே கத்தியது. "கெளம்பிருச்சு, ஓடு, ஓடு!"

அரக்கன் விழுந்தடித்து ஓடினான். பிள்ளைகள் பெஞ்சின் மேலேறிக் குதித்தார்கள். பிச்சையா நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

வேஷம் கலைக்கும்போது கேட்டார்: "வாத்தியாரம்மா, எது பெரிய மாயம்னு காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"படத்துல பூதம் மறைஞ்சப்புறம் அது எங்க இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சுதா?"

"எப்படித் தெரியும்? அதான் புகையாப் போயிருச்சே."

"நீங்க எங்க நின்னீங்கன்னு அத்தனை பேருக்கும் தெரியும் அண்ணாச்சி," என்றாள் தவமணி. "ஒருத்தராவது காட்டிக்குடுத்தாங்களா?"