தாளாளர் உதைத்த பந்து

ஐயா, இந்த வருஷம் நம் கல்லூரிக் கால்பந்து அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். தாளாளர் என்கிற உரிமையில் மைதானத்தைக் கல்யாணப் பந்தலுக்கு விட்டீர்கள். பந்தல் போனது, கம்பம் நட்ட குழிகள் போகவில்லை. பையன்கள் பந்தைப் பார்ப்பார்களா, குழியைப் பார்ப்பார்களா?

நீங்களோ கடைசி ஆட்டத்தன்று மைக்கைப் பிடித்து, "இன்றைக்கு நம் வலைக்குள் ஒரு பந்து விழுந்தாலும் அணியைக் கலைத்துவிடுவேன், யார் உதைத்தாலும் சரி!" என்று முழங்கினீர்கள். பிறகு ஆட்டத்தைத் தொடங்கிவைக்க நீங்களே உதைக்க வந்தீர்கள். பெரிய மனிதர் தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் விட்டுவிடுவதுதான் வழக்கம். நம் கோல்கீப்பர் இன்னாசி பாய்ந்து பிடித்துவிட்டான்.

"ஏண்டா, மரியாதை தெரியாதா?"

"தெரியும் சார். உங்க பந்தை உள்ள விட்டா டீமைக் கலைச்சிடுவீங்களே!"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல், "சரி, கலைக்கமாட்டேன்" என்று மைக்கிலேயே சொன்னீர்கள்.

இன்னாசி கும்பிட்டுவிட்டுக் கோலை விட்டே விலகி நின்றான். "இப்ப தாராளமா அடிங்க சார்."

முதலில் நின்ற இடத்திலிருந்து தட்டியவர், இந்தத் தடவை கோபத்தில் தூரத்திலிருந்து ஓடிவந்தீர்கள். பந்துக்குக் கொஞ்சம் முன்னால் கால் குழிக்குள் போனது. பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டீர்கள். பந்து அசையவே இல்லை.

கைகொடுத்துத் தூக்கிய இன்னாசி, "நாங்க வருஷம் பூரா இதுலதான் சார் ஆடுறோம்" என்றான்.

கால் வீக்கம் வடிந்துவிட்டதாகக் கேள்வி. இனி என்ன சாக்கு? மண்ணைக் கொட்டி அந்தக் குழிகளை இப்போதாவது மூடுங்கள் ஐயா!