கூழ் வத்தல் வகுப்பு

கோவில்பட்டியில் ஒரு மாடிவீட்டில் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடந்துவந்தது. நடத்தியவர் செண்பகவல்லி டீச்சர். வயது முப்பத்துநாலு. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர், இரண்டு பெண்களுக்குத் தாய். அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் பூதலிங்கம். அவருக்கு அறுபத்திரண்டு.

பூதலிங்கம் நில அளவைத் துறையில் முப்பத்துமூன்று வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட கோடு நூல் பிடித்தது மாதிரி இருக்கும். ஆனால் உயிருள்ள எதையும் அவர் வரைந்ததில்லை.

போன வருடம் நாக்பூரிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி அபிராமிக்கு நாலரை வயது. ஒரு மாடு வரைந்து தரச் சொன்னாள். அரைநாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இது செத்துப்போன மாடா?"

ஒரு வாரத்துக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த லீவுக்கு அவள் வருவதற்குள் ஒரு மாட்டையாவது உயிரோடு வரைந்துவிட வேண்டும். அதற்காகத்தான் டீச்சரிடம் சேர்ந்தார். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம், வீட்டில் யாரும் தொந்தரவு செய்யாதபடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாடு வரைந்தார். ரப்பர் பட்டுப் பட்டுத் தாள் கிழிந்ததே தவிர, மாடு எழுந்து நிற்கவில்லை.

சித்திரை பிறந்தது. அபிராமி வருவதற்கு ஆறே நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். பூதலிங்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தன் பெண்களுக்கு நுங்கு வண்டி செய்துகொண்டிருந்தார். சுளையைத் தின்றுவிட்டுப் போட்ட இரண்டு பனங்காய்கள்தான் சக்கரம். ஒன்றில் சிரித்த முகம் வரைந்தாயிற்று. மற்றதில் அழுத முகம் வேண்டும் என்று சின்னவள் உமா மல்லுக்கு நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"தப்பா நெனைக்கக் கூடாது. அஞ்சு மாசமா வாரேன். நீங்க உக்காந்து வரைஞ்சு பழகி நான் ஒருநாளும் பாக்கல. கார்த்திகையில பிள்ளைகளோட தீப்பொறி பறக்க மாவலி சுத்துனீங்க. மார்கழியில கோலத்துப் பூசணிப்பூவுக்கு மீசை வெச்சீங்க. தையில கரும்புச் சக்கையில ஒட்டகம் செஞ்சீங்க. இப்ப நுங்கு வண்டி. ஆனா ஒரு படம்னு போட்டா, அதுல உள்ள மாடு நம்மளைத் திரும்பிப் பாக்குது. நீங்க எப்பத்தான் பயிற்சி பண்ணுதீங்க?"

டீச்சர் பனங்காயின் அழுத முகத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வைத்தார்.

"நாளைக்குக் கூழ் வத்தல் போடுதோம். காலையில அஞ்சரைக்கு வந்துருங்க. பழைய வேட்டி ஒண்ணு கொண்டாங்க."

"பென்சில், நோட்டு?"

"வேட்டி போதும்."

பூதலிங்கம் வீட்டுக்குப் போய் யோசித்தார். ஈரத் துணியை விரித்து அதன்மேல் வத்தல் பிழிவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் கோணல்மாணலாகப் பிழிவார்கள் என்பதும் தெரியும். தன்னிடம் போய் டீச்சர் வேட்டி கேட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். வேட்டியை மேசைமேல் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்தார். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட ஆரம்பித்தார். சாதாரணப் பென்சில் துணியில் நிற்கவில்லை. ஆபீஸ் காலத்துக் காப்பியிங் பென்சில் ஒன்று டப்பாவில் கிடந்தது. அது நன்றாகப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் வேட்டி முழுக்க மெல்லிய சாம்பல் நிறக் கட்டங்கள். ஒரு கோடுகூட விலகவில்லை.

மறுநாள் அவர் போனபோது மொட்டைமாடியில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சைமிளகாயும் பெருங்காயமும் சேர்ந்த வாசனை தெருமுனை வரை வந்தது. கூழைக் கிண்டியவர் டீச்சரின் கணவர் வேல்ச்சாமி. அரசு பஸ் ஓட்டுநர். வத்தல் போடுவதற்கென்றே வருடத்தில் ஒருநாள் லீவு எடுப்பார். மூத்தவள் கோமதி எலுமிச்சம்பழத்தைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். உமா வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நின்றாள்.

டீச்சர் வேட்டியை வாங்கி வாளியில் முக்கிப் பிழிந்தார். ஆளுக்கொரு மூலை பிடித்து விரித்தார்கள். பூதலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சாம்பல் கோடுகள் ஊதாவாக மாறின. முதலில் ஓரத்தில். பிறகு நடுவில். பிறகு ஊதா கசிந்து பரவியது.

"அம்மா, தாத்தா வேட்டி கணக்கு நோட்டு ஆயிட்டு" என்றாள் கோமதி.

"என்ன சார் இது?"

"காப்பியிங் பென்சில் டீச்சர்." பூதலிங்கம் ஒரு கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஈரம் பட்டா ஊதாவாகும். ஆபீசுல அதுக்காகவே வாங்கித் தருவாங்க. முப்பத்துமூணு வருசம் பிடிச்ச பென்சில். எனக்குத் தெரியாதா? மறந்துட்டேன்."

"கட்டம் எதுக்கு?"

"வத்தல் வரிசையா விழட்டும்னு."

வேல்ச்சாமி துடுப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "சார், நம்ம பைபாஸ் ரோட்டைக்கூட இவ்வளவு நேரா போடல."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயம் கசிந்த துணியில் தின்கிற பண்டத்தைப் போட முடியாது. டீச்சர் தன் பழைய சேலை ஒன்றை நனைத்து விரித்தார். ஊதா வேட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக் கம்பிக்கும் நடுவே கட்டினார். காக்கை விரட்டுகிறவர்களுக்குப் பந்தல் ஆயிற்று. பிள்ளைகள் உடனே அதன் கீழே குடிபோனார்கள்.

பிறகு டீச்சர் ஒரு பால் கவரில் சூடான கூழை ஊற்றி, முனையில் சின்னதாக ஓட்டை வெட்டி, துணியால் சுற்றி அவரிடம் நீட்டினார்.

"அச்சு இல்லையா டீச்சர்?"

"அச்சுல அவரு பிழிவாரு. உங்களுக்கு இது."

"என்ன பிழியணும்?"

"என்னைக் கேட்டா? திங்கப்போறவங்களைக் கேளுங்க."

பூதலிங்கம் திரும்புவதற்குள் உமா சொன்னாள். "மாடு."

அவர் குனிந்து முதுகுக் கோட்டை இழுத்தார். கொம்பு வந்ததும் எந்தக் கோணத்தில் வளைப்பது என்று நிறுத்தி யோசித்தார். அதற்குள் கூழ் வழிந்து தலை பானையாகிவிட்டது.

"நிறுத்தினா குளம் கட்டிரும் சார்" என்றார் வேல்ச்சாமி, அச்சைத் திருகிக்கொண்டே. "வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அழிக்க முடியாதா?"

"அழிக்கலாம்" என்ற கோமதி, அந்தப் பானைத் தலையை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "உப்பு சரியா இருக்கு. அடுத்த மாடு போடுங்க தாத்தா."

அடுத்ததைப் போட்டார்.

"இது பால் கறக்குமா?" என்றாள் உமா.

"கறக்கும்."

"அப்ப மடி எங்க?"

மடி வைத்தார்.

"இது யாரை முட்டும்?"

"உன்னைத்தான்."

"அப்ப நான் ஓடுதேன். என்னையும் போடுங்க."

"நான் மரத்துமேல நிக்கேன். மரம் போடுங்க" என்றாள் கோமதி.

"எந்த மரம்?"

"சீக்கிரம் தாத்தா. முட்ட வந்துட்டு."

கவர் தீர்ந்தது. டீச்சர் இன்னொன்று நிரப்பிக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. கூழ் ஆறினால் இறுகிவிடும், அதனால் கை ஓயவில்லை. முழங்கால் வலிக்கிறது என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்தபோது சேலை நிறைய மாடுகள் நின்றன. சில மாடுகளுக்கு மூன்று கால். ஒன்றுக்கு ஐந்து.

மத்தியானம் ஊதாப் பந்தலின் கீழ் எல்லோரும் உட்கார்ந்து, மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரம் இருந்த வத்தலை மடித்து மடித்துத் தின்றார்கள். டீச்சர் அவர் கையில் ஒரு கன்றுக்குட்டியை வைத்தார்.

"இன்னும் காயலையே டீச்சர்."

"காயாமத் திங்கத்தானே சார் கூழ் காய்ச்சுறதே."

பூதலிங்கம் கன்றின் பின்னங்காலில் ஆரம்பித்து முழுதும் தின்றுவிட்டார்.

புதன்கிழமை வத்தல் பொரிக்கிறார்கள் என்று டீச்சர் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். மாடுகள் எண்ணெயில் விழுந்ததும் உப்பின. ஒன்று கழுத்தைத் திருப்பியது. ஒன்று காலை மடக்கிக்கொண்டது. நன்றாகப் பார்ப்பதற்காக அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டினார். தட்டு காலியாக இருந்தது.

"டீச்சர், உயிர் வந்துச்சா வரலையானு நான் பாக்கக்கூட இல்ல. அதுக்குள்ள தின்னுட்டாங்களே."

டீச்சர் தட்டைப் பார்த்தார். "ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையே சார்."

அது அவருக்குப் பதிலாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். வியாழன் முழுக்க வரைந்தார். வெள்ளி மாலை வரை வரைந்தார். அன்று சாயங்கால ரயிலில் அபிராமி வந்து இறங்கினாள்.

சனிக்கிழமை காலை. பூதலிங்கம் ஐந்து பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டு, புதுத்தாள் கட்டோடு மற்றவர்களுக்கு முன்பே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பேத்தி வந்தாச்சா சார்?"

"நேத்தே வந்துட்டா டீச்சர்."

"என்ன சொல்லுதா?"

"எந்திரிச்சதுல இருந்து பேப்பரும் கையுமா நிக்கா. மாடு வேணுமாம். மாட்டுமேல அவ உக்காந்திருக்கணுமாம். நான் பல் விளக்குற இடத்துக்கே வந்து, மாட்டுக்குப் பல் உண்டானு கேக்கா. ஒரு நிமிசம் விட மாட்டேங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு, டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து போட்டுத் தாரேன்னு சொன்னேன். சரின்னுட்டு வாசப்படியில உக்காந்திருக்கா."

டீச்சர் அவர் விரித்த தாளைச் சுருட்டினார். பென்சில்களைச் சட்டைப் பையில் செருகிவிட்டார். கதவைத் திறந்து பிடித்தார்.

"இன்னைக்கு வகுப்பு உங்க வீட்டு வாசப்படியில சார். எப்பவோ ஆரம்பிச்சாச்சு. நீங்கதான் லேட்டு."