சிங்க முத்திரை லேகியம்

குன்றை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதை மாற்றுவான். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். அவனுடைய மந்திரி மெய்யப்பர், கீழைவாசல் காவலன் சடையனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மழைநாள் காலையில்.

சடையன் ஈட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"லேகியம் சாப்பிடுகிறாயா?"

"சாப்பிடுறேன் சாமி. நெல்லிக்காய் அளவு சாப்பிடச் சொன்னாங்க. நான் சுண்டைக்காய் அளவு தொட்டுக்கிறேன். அப்பத்தான் அறுவடை வரைக்கும் ஜாடி தாங்கும்."

"அது போதுமா?"

"ஜாடிக்குப் போதும்" என்று சடையன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

ராஜாவுக்கு முன்பு வந்த இரைப்பு நோயை அரண்மனை வைத்தியர் கங்காதர பண்டிதர் ஒரு லேகியத்தால் தணித்திருந்தார். அந்தக் குஷியில் ராஜா ஒரு சட்டம் போட்டான். பண்டிதரின் சிங்க முத்திரை விழுந்த ஜாடியில் இருப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் விஷம், விற்றாலும் வாங்கினாலும் சவுக்கடி. ஜாடி ஒன்று கன்றுக்குட்டி விலை. மலையடிவாரத்து மருந்துக்காரி காத்தாயியோ இலையில் மடித்து ஒரு படி அரிசிக்குத் தந்துவந்தாள். அப்படி வாங்கிவருகிறவர்களிடம் பொட்டலத்தைப் பிடுங்கி அகழியில் எறிவது சடையனின் வேலை.

"நீயும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளேன். நான் பார்க்கவில்லை" என்றார் மந்திரி, குரலைத் தணித்து.

"ஊரார் கையிலேர்ந்து பிடுங்கி எறியுறதை நானே தின்னா, எந்த மூஞ்சியோட இந்த வாசல்ல நிப்பேன் சாமி?"

அந்த வாரம் முடிவதற்குள் சடையன் போய்விட்டான்.

அவனுடைய காரியம் முடிந்த மறுநாள் மெய்யப்பர் தனியாக மலையடிவாரம் போனார். காத்தாயி கடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ விற்பது விஷமா?"

"விஷமா இருந்தா பண்டிதர் வீட்டு வண்டி அமாவாசைக்கு அமாவாசை வந்து எதுக்குங்க குடம் குடமா ஏத்திட்டுப் போகுது? அதே அடுப்பு, அதே கடாரம். அங்கே போய் ஜாடியில இறங்குது, மூடியில சிங்கம் விழுது. அவ்வளவுதான்."

மெய்யப்பர் கடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "இதைச் சபையில் சொல்வாயா?" என்றார்.

"அவர் பண்டிதர், நான் பச்சிலை பறிக்கிறவ. சொன்னா என் நாக்குதான் போகும்."

"சரி, நீ சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும். நாளைக்கு உன்னைப் பிடிக்க ஆள் வரும். யார் என்ன பேசினாலும் வாயைத் திறக்காதே."

"என் உயிரை வச்சு விளையாடுறீங்க."

"ஆமாம் தாயே" என்றார் மெய்யப்பர். அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் சபை கூடியதும் அவர் எழுந்தார். "மகாராஜா, முத்திரையில்லாத லேகியம் விற்ற ஒருவரைப் பிடித்திருக்கிறோம். சவுக்கடி போதுமா என்று பண்டிதரைக் கேட்டுச் சொல்ல வேண்டும்."

பண்டிதர் உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார். "மந்திரிக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. சவுக்கடியெல்லாம் பூச்சி கடித்த மாதிரி. கிண்டிய கையை வெட்டுங்கள், பானை சட்டியை உடையுங்கள். அப்போதுதான் மற்றவனுக்குப் பயம் வரும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

காத்தாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பண்டிதரின் முகம் வெளுத்தது.

"மகாராஜா... இவளா? பாவம், வயதானவள். ஏதோ அபராதம் போட்டு அனுப்பிவிடலாமே."

"பண்டிதருக்கு இரக்க சுபாவம்" என்றார் மெய்யப்பர். "அதற்காகச் சட்டம் வளையலாமா? வெட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்."

"ஒரு கையை மட்டும்... இடது கையை..."

"கிண்டியது வலது கை, பண்டிதரே."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "வலதுதான். சீக்கிரம் ஆகட்டும்" என்றான்.

காத்தாயியின் கையை மரக்கட்டையில் வைத்தார்கள். அவள் மந்திரியை மட்டும் பார்த்தாள். பண்டிதர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் ராஜாவின் வாக்கைத் திருப்ப மெய்யப்பரிடம் வேறு வழி கிடையாது. வெட்டும் ஆள் அரிவாளை ஓங்கினான்.

"நிறுத்துங்கள்" என்று பண்டிதர் அலறிவிட்டார். "அவள் கை போனால் மகாராஜாவுக்கு அடுத்த மாதம் லேகியம் யார் கிண்டுவது?"

ராஜா சிம்மாசனத்தில் முன்னால் சாய்ந்தான். "நான் சாப்பிடுவது இவள் கிண்டியதா?"

பண்டிதர் தரையைப் பார்த்தார். "ஆமாம், மகாராஜா."

"அப்படியானால் உம்முடையது எது?"

"ஜாடி, மகாராஜா."

யாரோ ஒருவர் சிரிக்க, சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தான். பண்டிதரின் முத்திரை மோதிரத்தைக் கழற்ற வைத்து, இனி அவர் காத்தாயியின் அடுப்புக்கு விறகு சுமக்கட்டும் என்றான். மந்திரியின் பக்கம் திரும்பி, "பலே மெய்யப்பரே, என்ன வேண்டும், கேளும்" என்றான்.

"முத்திரைச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். பண்டிதர் வீட்டில் இருக்கும் லேகியத்தை வீடு வீடாகக் கொடுக்க உத்தரவிடுங்கள். சடையன் போன பிறகாவது..."

"சடையன் யார்?" என்றான் ராஜா.

"கீழைவாசல் காவலன்."

"ஓகோ" என்றான் ராஜா. கேட்டதைக் கொடுத்தான். சொன்ன வாக்கை அந்தத் தடவை மாற்றவும் இல்லை.

லேகியம் தெருத்தெருவாகப் போயிற்று. இரைப்புக்காரர்கள் நெல்லிக்காய் அளவு எடுத்துச் சாப்பிட்டார்கள். சடையன் வீட்டுக்கு மட்டும் மெய்யப்பரே ஒரு பொட்டலத்தோடு போனார். அவன் மனைவி வீராயி வாசலுக்கு வந்தாள்.

"எங்க பங்குங்களா?"

"ஆமாம் அம்மா."

"அடுத்த வீட்டுல குடுத்துடுங்க சாமி. அங்கே ரெண்டு பேருக்கு இழுக்குது. இங்கே யாருக்கும் இல்லை."

மெய்யப்பர் அடுத்த வீட்டுக்குப் போனார். வீராயி உள்ளே திரும்பினாள். அந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான்.