‘அ’வுக்கு எந்தக் காது மந்தம்?

“மேடம், எனக்குச் சட்டம் முழுக்க மனப்பாடம். மார்க் மட்டும் வரமாட்டேங்குது. ஏன்?”

கேட்டவன் பொன்னுராம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்கப்பட்டவர் ரெஜினா மேடம். அவனைவிடச் சின்னவர். மலைமேல் இருக்கும் அந்தச் சட்டக் கல்லூரியில் குற்றவியல் பாடம் நடத்துபவர்.

அங்கே மேகம் வகுப்புக்குள் வரும். கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் இருக்கும். யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடும். வருகைப் பதிவேட்டில் அதற்கு மட்டும் பெயர் கிடையாது.

பொன்னுராம் சொன்னது பொய்யில்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் பிரிவு எண்ணோடு ஒப்பிப்பான். பரீட்சையில் மற்றவர்கள் இரண்டாம் பக்கம் புரட்டும் முன்பே எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்பான். விடைத்தாள்களைக் கட்டுவதற்குக் கொடுத்த நூல் போதவில்லை என்று ஒருமுறை கண்காணிப்பாளரோடு சண்டையே போட்டிருக்கிறான்.

அவ்வளவு எழுதியும் மார்க் பாஸ் எல்லையிலேயே நின்றது. கடைசித் தேர்வில் முதல் இடம் வராவிட்டால் கடைசித் தவணை உதவித்தொகை வராது. அது வராவிட்டால் கல்லூரிப் பாக்கியைக் கட்டிப் பட்டம் வாங்க முடியாது. கீழே ஊரில் அவன் மனைவி தையல் மெஷினோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வக்கீலுக்குப் படிக்கிறீங்க?” என்றார் மேடம்.

“எங்கண்ணன் மொக்கராசு ஜெயில்ல இருக்கான் மேடம். அவன் உள்ள போன அதே வருஷம்தான் நான் இங்க சேந்தேன். அப்பீல்ல அவனுக்காக நான் பேசணும்.”

“அப்ப பேசின வக்கீல்?”

“ஒரு மணி நேரம் நிறுத்தாமப் பேசினாரு. அண்ணன் கூண்டுல இருந்து எம் பக்கம் குனிஞ்சு ஒண்ணு கேட்டான்.”

“என்ன கேட்டார்?”

 அதைப் பொன்னுராம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை.

“தீர்ப்பைப் படிச்சிருக்கீங்களா?”

“அதுவும் மனப்பாடம் மேடம்.”

மேடம் அவனுடைய மாதிரித் தேர்வு விடைத்தாளை எடுத்தார். தூக்க முடியாமல்தான் தூக்கினார். கேள்வித்தாளை அதன்மேல் வைத்து, கேள்வியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இதுல ‘அ’, ‘ஆ’ன்னு ரெண்டு பேர் வர்றாங்களே, அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம். காட்டுப்பன்னின்னு நினைச்சு ‘அ’ கல்லை வீசுறாரு. அது பக்கத்துத் தோட்டத்து ‘ஆ’ மேல விழுந்து கை ஒடஞ்சுபோகுது. ‘அ’ குற்றவாளியான்னு கேள்வி. தப்பா நினைச்சுச் செஞ்ச செயலுக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன்.”

“‘அ’வுக்கு எந்தக் காது மந்தம்?”



“காதா? கேள்வியில காதே கிடையாதே மேடம்!”

“இருக்கு.”

அவன் தாளுக்காகக் கை நீட்டினான். மேடம் உள்ளங்கையை எடுக்கவில்லை.

“அவரையே போய்க் கேட்டுட்டு வாங்க,” என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தான். கோபம் வந்தது. என்ன இருந்தாலும் வயதில் மூத்தவன்.

நேரே நூலகத்துக்குப் போனான். தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்து, பிரிவுகளை முதலிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தான். மதியச் சாப்பாடு கண்ணைச் சொக்கவைத்தது. ஜன்னல் வழியே மேகம் வந்து, எதிர் நாற்காலியில் அமர்ந்தது.

ஈரமண் வாசனை அடித்தது.

காலடியில் உருளைக்கிழங்குப் பாத்திகள். சுற்றிலும் பனி. வரப்பில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில், துண்டால் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

“நீங்க யாருங்க?” என்றான் பொன்னுராம்.

“பேரு எதுவும் வைக்கலையே தம்பி. வச்சிருந்தாச் சொல்லியிருப்பேன். ‘அ’ன்னு கூப்புடுறாங்க.”

“நான் ‘ஆ’,” என்றாள் அந்தப் பெண். “எப்ப வீட்டுக்குப் போகலாம்னு கேக்கத்தான் நிக்கிறோம். வருசா வருசம் பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்துடுறாங்க. அடுப்புல சோறு கெடக்கு.”

பொன்னுராம் தொண்டையைச் செருமிக்கொண்டான். இதற்காகத்தானே இத்தனை நாளும் படித்தது!

ஆரம்பித்தான். எது குற்றம், எதெல்லாம் விதிவிலக்கு, குழந்தை செய்தால் என்ன, பைத்தியம் செய்தால் என்ன, குடித்துவிட்டுச் செய்தால் என்ன. பனி இறங்கியது. ஏறியது. மறுபடியும் இறங்கியது. அந்தப் பெண் வலிக்கும் கையை மெல்ல மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பொன்னுராம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

பெரியவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

“இவரு யாரைப் பத்திம்மா பேசுறாரு?”

பொன்னுராமின் வாய் அப்படியே நின்றது.

அன்று கூண்டிலிருந்து குனிந்து அண்ணன் கேட்டதும் இதே கேள்விதான். “இவரு யாரைப் பத்திடா பேசுறாரு?”

அவனுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதான். 

பிறகு அவன் வரப்பில் உட்கார்ந்தான்.

“அக்கா, கல்லு விழுறதுக்கு முன்னாடி நீங்க குரல் குடுத்தீங்களா?”

“ரெண்டு தடவ குடுத்தேன்.”

“எந்தப் பக்கம் நின்னு?”

அவள் நல்ல கையை நீட்டிக் காட்டினாள். பெரியவருக்கு வலப்பக்கம்.

“ஐயா, உங்களுக்குக் கேக்கலையா?”

பெரியவர் வலது காதை அவனிடம் திருப்பினார். “என்ன தம்பி கேட்டீக? இடது காது மந்தம். இந்தப் பக்கம் சொல்லுங்க.”

பொன்னுராம் அவருக்கு வலப்பக்கம் வந்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். 

“என்னமோ கேட்டுச்சு தம்பி,” என்றார். “ஆனா அதுக்கு முந்தின வாரம் பன்னி எம் பேரனைக் குத்திப்போட்டுச்சு. பயத்துல கை முந்திக்கிருச்சு.”

“அடப்பாவி மனுசா, இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே,” என்றாள் அந்தப் பெண்.

“நீ எங்கம்மா கேட்ட?”

நூலகர் மேஜையைத் தட்டினார். பொன்னுராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பைக்குள் கசங்கிக் கிடந்த தன் கேள்வித்தாளைத் தேடி எடுத்தான். அந்தக் கேள்வியை முதல்முறையாகக் கடைசி வரிவரை படித்தான்.

இடது காது. பேரன். இரண்டு தடவை கொடுத்த குரல். எல்லாம் அங்கேயே இருந்தன.

கடைசித் தேர்வு வந்தது. இந்த முறை ‘இ’ என்றும் ‘ஈ’ என்றும் வேறு இரண்டு பேர் வந்திருந்தார்கள். அறை முழுக்கப் பேனாக்கள் ஓடின. பொன்னுராம் மட்டும் பேனா மூடியைக்கூடக் கழற்றாமல் கேள்வியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பழைய கண்காணிப்பாளர்தான் வந்தார். நூல்கண்டை முன்கூட்டியே கையில் வைத்திருந்தார்.

“என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

“கொஞ்சம் பொறுங்க சார். அவங்க இன்னும் சொல்லி முடிக்கல.”

கண்காணிப்பாளர் சுற்றிலும் பார்த்தார். கடைசி பெஞ்சில் மேகம் மட்டும் இருந்தது. நூலைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று பொன்னுராம் தேன்மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஓடி வந்தான். கல்லூரியில் அவன்தான் முதல். ஊரில் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லி, அவளும் அழுது, இவனும் அழுது, கண் சிவந்திருந்தது.

மேடம் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சந்தோஷம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

“அண்ணன் கேஸ் தீர்ப்பை நானும் படிச்சேன். உங்களுக்கு இன்னும் மனப்பாடமா?”

“ஒரு எழுத்து மாறாது மேடம்.”

“அன்னைக்கு அவர் எதுக்குச் சம்பவம் நடந்த தெருவுக்குப் போனார்?”

பொன்னுராம் வாயைத் திறந்தான். மனசுக்குள் தீர்ப்பு முதல் பத்தியிலிருந்து ஓடியது. தெருவின் பெயர் இருந்தது. நேரம் இருந்தது. சாட்சிகள் வரிசையாக நின்றார்கள். தீர்ப்பு கடைசிப் பத்தியைத் தொட்டு நின்றது.

அண்ணன் எதற்காகப் போனான் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

பொன்னுராம் மிட்டாய்ப் பொட்டலத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனான். கீழிறங்கும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது.

சிறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மொக்கராசு வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான்.

“பாஸாயிட்டியாடா?”

“ஆயிட்டேண்ணே.”

“அப்பீல்ல என்ன பேசப்போற? சொல்லு, கேப்போம்.”

பொன்னுராம் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தான்.

“அன்னைக்கு என்னண்ணே நடந்துச்சு?”

 மொக்கராசு வலையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தான்.

“மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சுடா,” என்றான்.